நூறு சொல்லுக்குள் அழகன் தலைவர்

நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே, பஸ் வந்து திரும்பிப் போவதற்கு மட்டும் இடம் வைத்திருக்கிற ஒரு தேயிலைத் தோட்டம். பெயர் வேண்டாம். பெயரைப் போட்டால், "மேற்படி சம்பவத்துக்கும் எமது தோட்டத்துக்கும் யாதொரு தொடர்பும் இல்லை" என்று அழகன் தலைவர் ஒரு கடிதம் எழுதிவிடுவார். அவர் எழுதினால் அதற்குப் பதில் எழுதுகிற ஆள் இந்த மலைநாட்டில் இன்னும் பிறக்கவில்லை.

அழகனுக்கு ஐம்பத்தெட்டு வயது. செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி பிடித்துக் காய்த்துப்போன கை. படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. அவரைத் தோட்டத் தலைவராக ஜனங்கள் தெரிந்தெடுத்தது மேடைப் பேச்சுக்காக அல்ல, விளக்கக் கடிதத்துக்காக. தோட்டத்தில் ஒருவர் மேல் ஏதாவது புகார் எழுந்தால், தோட்டத்தை நிர்வகிக்கிற துரையின் ஆபீசிலிருந்து ஒரு தாள் வரும். இன்ன நாள் இன்ன குற்றம், உம்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது, எழுத்தில் விளக்கம் தருக. தாளை வாங்கிய ஆள் வீட்டுக்குப் போவதில்லை. நேரே அழகன் வீட்டு வாசலுக்குத்தான்.

அழகன் அந்தத் தாளை வாங்கி மேலும் கீழும் பார்ப்பார். "ஒண்ணும் பயப்படாத. ஆமான்னும் சொல்ல வேணாம், இல்லன்னும் சொல்ல வேணாம். நான் பாத்துக்கிறேன்" என்பார். அதன் பிறகு எழுதுவார் பாருங்கள், அது ஒரு தனிக் கலை. விறகுக்காக வாகை மரத்துக் கிளையை வெட்டிக் கையும் களவுமாகப் பிடிபட்ட ஒருவனுக்கு அவர் எழுதிக் கொடுத்தது இன்றைக்கும் தோட்டத்தில் பேச்சு. பலத்த காற்று வீசிய நாளொன்றில் மேற்படி கிளையானது தானாகவே முறிந்து, அவ்வழியே சென்ற தொழிலாளியின் தோளில் வந்து அமைந்தது என்றும், தோட்டத்தின் சொத்தைப் பாதுகாக்கும் நல்லெண்ணத்துடனேயே அவர் அதை வீடுவரை எடுத்துச் சென்றார் என்றும் அதில் இருந்தது. கிளாக்கர் அதைச் சிங்களத்தில் சொல்லச் சொல்ல துரை மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாராம். வேலை தப்பியது.

சிரிப்பாக இருக்கலாம். ஆனால் தொழிலாளர்கள் வரிசை வரிசையாகக் குடியிருக்கிற அந்த லயங்களில் யாரிடமாவது எழுத்தில் ஒரு கேள்வி கேட்கப்பட்டது என்றால், அது ஆளைப் பிடிப்பதற்காகத்தான். விவரம் அறிவதற்காக யாரும் அவர்களிடம் எதையும் எழுதிக் கேட்டதில்லை. அழகன் வாழ்நாள் முழுக்கக் கற்றது இந்த ஒன்றைத்தான்: கேள்வி வந்தால் பிடி கொடுக்காதே.

இப்படிப்பட்டவர் வீட்டுக்குத்தான் அந்த விண்ணப்பம் வந்து சேர்ந்தது.

மகள் கிருஷாந்தி உயர்தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு எடுத்திருந்தாள். பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் எட்டவில்லை. கொழும்பில் வெளிநாட்டு உதவியோடு நடக்கிற ஒரு கல்லூரி மலையகப் பிள்ளைகள் சிலருக்குத் தங்குமிடம், சாப்பாடு எல்லாம் கொடுத்துப் படிப்பிக்கிறது என்று அவளுடைய ஆசிரியர் குகநேசன் சேர் சொல்லியிருந்தார். இது கிடைக்காவிட்டால் ஹட்டனில் ஏதாவது ஒரு துணிக்கடையில் நிற்க வேண்டியதுதான். அது வீட்டில் மூன்று பேருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

விண்ணப்பம் போனில். பெயர், முகவரி, பெறுபேறு எல்லாம் முடிந்த பிறகு நாலு கேள்வி. தமிழில் எழுதலாம், ஒவ்வொன்றுக்கும் நூறு சொல்லுக்கு மேல் போகக் கூடாது. உங்கள் ஊரை அறியாத ஒருவருக்கு அதைப் பற்றிச் சொல்லுங்கள். பாடத்துக்கு வெளியே விரும்பிக் கற்ற ஒன்று எது. உங்களோடு அடிக்கடி உடன்படாத ஒருவரைப் பற்றி எழுதுங்கள். இந்த மூன்றையும் கிருஷாந்தி ஒரே மூச்சில் எழுதிவிட்டாள். மூன்றாவதற்குத் தகப்பனைப் பற்றித்தான் எழுதினாள், அதை அவருக்குக் காட்டவில்லை.

நாலாவதில் நின்றுவிட்டாள்.

"நீங்கள் எடுத்த ஒரு முயற்சி தவறாக முடிந்ததுண்டா? என்ன செய்தீர்கள், என்ன நடந்தது, அதன் பிறகு என்ன செய்தீர்கள்?"

அழகன் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு வாசித்தார். முகம் மாறிவிட்டது.

"இது கேள்வி இல்ல பாப்பா. இது சார்ஜ் ஷீட்டு."

"இல்லப்பா, எல்லாருகிட்டயும் இதையேதான் கேக்குறாங்க."

"எல்லாருகிட்டயும் கேப்பாங்க. எவன் மாட்டுவான்னு பாப்பாங்க. தவறு செஞ்சியான்னு கேட்டா ஆமான்னு எழுதிக் குடுக்கிறதா? அப்புறம் எடம் குடுப்பாங்களா? போன இங்க தா."

மறுநாள் வேலை முடிந்து வந்து, காலைக்கூடக் கழுவாமல் உட்கார்ந்து எழுதினார். தாளில் எழுதியதைக் கிருஷாந்தி போனில் தட்டிப் பார்த்தாள்: "தங்களது மேற்படி வினா தொடர்பாக, அவ்வாறான தவறு எதுவும் எனது அறிவுக்கு எட்டியவரை நிகழவில்லை என்பதைத் தாழ்மையுடன் அறியத் தருகின்றேன். அவ்வாறு ஏதேனும் நிகழ்ந்திருப்பின் அது சூழ்நிலை காரணமாக நிகழ்ந்ததேயன்றி..." பாதிகூட முடியவில்லை, சொல் எண்ணிக்கை சிவப்பாக மாறிவிட்டது. அதற்கு மேல் எழுத்து விழவே இல்லை.

"நூறு சொல்லுல என்னத்தச் சொல்றது? மரியாதைக்கே நூறு வேணுமே" என்று அழகனுக்குக் கோபம் வந்தது.

அவருக்குச் சந்தேகம் தீரவில்லை. குகநேசன் சேருக்கே போன் போட்டார். சேர் யாழ்ப்பாணத்துக்காரர், ஹட்டனில் படிப்பிக்க வந்து மலைக்குளிர் பழகிப்போன மனிதர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அண்ணை, இது விசாரணை இல்லை. பிள்ளை பிழை விட்டதோ எண்டு அவையளுக்குக் கவலை இல்லை. பிழைச்சாப் பிறகு என்ன செய்யிறவள் எண்டு பாக்கினம். அவளை எழுத விடுங்கோ" என்றார்.

"சரிங்க சேர்" என்றார் அழகன். போனை வைத்துவிட்டு, "அவருக்கு நம்ம தோட்டத்தப் பத்தி என்ன தெரியும்" என்றார்.

"நான் பஸ்ஸப் பத்தி எழுதப் போறேன்" என்றாள் கிருஷாந்தி.

அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்த தாய் ராசம்மாவின் கை ஒரு நிமிடம் நின்றது.

பஸ் விஷயம் இதுதான். தோட்டத்திலிருந்து ஹட்டனுக்குக் காலையில் ஒரே ஒரு பஸ். முன்பு அது ஏழு மணிக்குச் சற்று முந்திப் புறப்படும். பாடசாலைப் பிள்ளைகள் போய்ச் சேரும்போது மணி அடித்திருக்கும், வாசலில் நிற்க வைத்துவிடுவார்கள். உயர்தர வகுப்பில் இருந்தபோது கிருஷாந்தி தானாகவே டிப்போவுக்குச் சிங்களத்தில் ஒரு கடிதம் எழுதினாள். பஸ்ஸை ஆறு மணிக்கு விடுங்கள், எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று. டிப்போக்காரர்கள் நல்ல மனிதர்கள். அடுத்த மாதமே மாற்றிவிட்டார்கள். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்.

அவள் நினைத்துப் பார்க்காதது ஒன்று. கிளினிக்குக்குப் போகிற பெண்களும் அதே பஸ்தான். அவர்கள் கைப்பிள்ளைகளைப் பிள்ளைக் காம்பராவில் ஆயாவிடம் விட்டுவிட்டுத்தான் எங்கேயும் புறப்பட முடியும். பிள்ளைக் காம்பரா திறக்கும்போது ஆறு மணி பஸ் அரைவாசித் தூரம் போயிருக்கும்.

மேல் லயத்து ஜீவராணி அப்போது ஆறு மாதம். மூத்த பையனைக் காம்பராவில் விட்டுவிட்டு, பெரிய றோட்டில் வேறு பஸ் பிடிக்கலாம் என்று மழையில் குறுக்குப் பாதையால் இறங்கினாள். வழுக்கி விழுந்தாள். வயிற்றுப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை, சாமி காப்பாற்றியது. வலது மணிக்கட்டு முறிந்தது.

பெண்கள் கொதித்துப் போனார்கள். யாரைக் கேட்டு பஸ்ஸை மாற்றினீர்கள் என்று ஆபீசுக்குப் போய்ச் சத்தம் போட்டார்கள். துரை தலைவரிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார். மகள்தான் எழுதினாள் என்று அன்றைக்கு அழகனுக்குத் தெரியும். அவர் உட்கார்ந்து, "எமது தோட்டத்தைச் சேர்ந்த எவரும் அவ்வாறானதொரு கோரிக்கையை முன்வைக்கவில்லை" என்று அழகாக எழுதிக் கொடுத்தார். யாரும் கேட்கவில்லை என்று எழுதிக் கொடுத்த பிறகு, திருப்பி மாற்றச் சொல்லி யார் போய்க் கேட்பது? பஸ் இன்றைக்கும் ஆறு மணிக்குத்தான் போகிறது.

"அத எழுதாத" என்றார் அழகன். "நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன். ஒம் பேரு வெளிய வரக் கூடாதுன்னுதானே செஞ்சேன்."

"தெரியும்ப்பா. ஆனா அதுதான் நடந்துச்சு. வேற எத எழுதினாலும் பொய்தான்."

"பொய் எழுதச் சொல்லல. உண்மைய எழுத வேணாம்னுதான் சொல்றேன்."

ராசம்மா ரொட்டியைப் புரட்டிப் போட்டாள். கணவரின் கடிதங்களைப் பற்றி அவள் ஒருநாளும் அபிப்பிராயம் சொன்னதில்லை. சொன்னால் அதற்கும் விளக்கம் வரும் என்று அவளுக்குத் தெரியும்.

கிருஷாந்தி எழுதினாள். எழுதி எழுதி நூற்றைத் தாண்டிப் போனது. சனிக்கிழமை பின்னேரம் போனைத் தகப்பனிடம் நீட்டி, "வெட்டித் தாங்கப்பா. உங்களுக்குத்தானே வசனம் நல்லா வரும்" என்றாள். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. எழுத்து என்று வந்துவிட்டால் அவர் ஒரு சின்னப் பிள்ளை.

ஆனால் வெட்டிப் பழக்கமில்லாத மனிதர். தேயிலைச் செடியை வெட்டுவார், வசனத்தை வெட்டியதில்லை. "சூழ்நிலை காரணமாக" என்பதை எடுத்தார். "துரதிர்ஷ்டவசமாக" என்பதை எடுத்தார். "சிலருக்குச் சில அசௌகரியங்கள்" என்று அவளும் தகப்பனைப் போலவே எழுதிவைத்திருந்தாள். அதை எடுத்துவிட்டு "கை முறிந்தது" என்று போட்டார். போட்ட பிறகு கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷமாகத் தான் கட்டுக்கட்டாகச் சேர்த்துவைத்த சொற்கள் எல்லாம் எதை மூடுவதற்கு என்று அவருக்கே தெரிந்தது. கடைசியில் மிஞ்சியது இவ்வளவுதான்:

"பாடசாலைக்கு நேரத்துக்குப் போவதற்காக, எங்கள் தோட்டத்து பஸ்ஸை ஆறு மணிக்கு விடும்படி டிப்போவுக்கு எழுதினேன். மாற்றினார்கள். அதே பஸ்ஸில் போகிற தாய்மாரை நான் கேட்கவில்லை. பிள்ளைக் காம்பரா திறக்குமுன்னே பஸ் போய்விட்டது. ஒருவர் கர்ப்பிணியாக மழையில் நடந்து விழுந்தார். அவருக்குக் கை முறிந்தது. மாற்றச் சொன்னது நான் என்று நான் சொல்லவில்லை. அப்பாவும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை."

"அதன் பிறகு என்ன செய்தீர்கள்" என்பதற்கு இடம் நிறைய இருந்தது.

"அதுக்கு நான் ஒண்ணு சொல்றேன், எழுது" என்று அழகன் உற்சாகமாகத் தொண்டையைச் செருமினார். "இதன் மூலம் வாழ்க்கையில் ஒரு நல்ல பாடத்தை..."

"என்ன செஞ்சீங்கன்னுதானே கேக்கிறான்?" அடுப்படியிலிருந்து ராசம்மாவின் குரல். "அதுக்கப்புறம் அப்பனும் மகளும் என்ன செஞ்சீங்க? ஒண்ணுஞ் செய்யல. அந்தப் புள்ள மூணு தடவ இந்த வாசலுக்கு வந்துட்டுப் போயிருச்சு."

அழகனுக்குச் சுருக்கென்றது. ஜீவராணியின் கை பழையபடி திரும்பவில்லை. கட்டைப் பிரித்த பிறகும் மணிக்கட்டு மடங்காது. கொழுந்து கிள்ளுகிற கை அது. ஆபீஸ் கேட்கிற கிலோ வராததால் அவளுக்குப் பல நாள் அரைப் பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம். லேசான வேலையாகப் பார்த்துக் கொடுக்கச் சொல்லி ஒரு கடிதம் எழுதித் தாருங்கள் தலைவரே என்று அவள் வந்து கேட்டாள். எழுதுவோம் என்றார். மறுபடி இரண்டு தரம் வந்தாள். பார்ப்போம் என்றார். அவர் எழுதாததற்குக் காரணம் இருந்தது. கை எப்படி முறிந்தது என்று கடிதத்தில் வர வேண்டும். நடந்து போனதால் என்று எழுதினால், பஸ் இருக்க ஏன் நடந்தாள் என்று கேட்பார்கள். அப்புறம் பஸ்ஸை மாற்றியது யார் என்று வரும். எந்தக் கேள்வி எந்தக் கேள்வியில் கொண்டுபோய் விடும் என்று அவரைப் போலக் கணக்குப் போடத் தெரிந்தவர் யாருமில்லை.

"விண்ணப்பம் புதன்கிழமையோட முடிஞ்சிரும்" என்றாள் கிருஷாந்தி. "நான் நாளைக்கு ஜீவராணி அக்காகிட்டப் போறேன். போயிட்டு வந்துதான் மிச்சத்த எழுதுவேன். நீங்க வந்தாலும் சரி, வராட்டியும் சரி."

"இந்தப் பேச்சு எங்க படிச்ச?" என்றார் அழகன்.

ஞாயிற்றுக்கிழமை தகப்பனும் மகளும் மேல் லயத்துக்கு ஏறினார்கள். ஜீவராணி வாசலில் உட்கார்ந்து கைப்பிள்ளையின் துணிகளை இடக் கையால் பிழிந்துகொண்டிருந்தாள். தலைவரைக் கண்டதும் எழுந்து, "வாங்க தலைவரே. வா தங்கச்சி" என்று பலகையைத் துடைத்துப் போட்டாள். யாரும் உட்காரவில்லை.

கிருஷாந்தி சுற்றி வளைக்கவில்லை. "அக்கா, பஸ்ஸ மாத்தச் சொல்லி எழுதுனது நாந்தான். உங்ககிட்ட எல்லாம் கேக்கணும்னு எனக்குத் தோணல. அப்புறம் சொல்றதுக்கும் பயம்" என்றாள்.

ஜீவராணி துணியைக் கொடியில் போட்டாள்.

"தெரியும் தங்கச்சி. டிப்போவுக்குச் சிங்களத்துல எழுதத் தெரிஞ்ச புள்ள நம்ம லயத்துல நீ ஒருத்திதானே. எனக்கு மட்டுமில்ல, எல்லாருக்கும் தெரியும். யாரும் கேக்கலன்னு உங்கப்பா எழுதுனாரே, அன்னிக்கே நிச்சயமாயிருச்சு. வேற யாராவதா இருந்தா அவரு இன்னும் நீட்டி எழுதியிருப்பாரு."

அழகனுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. முப்பது வருஷமாக எழுதிய கடிதங்களை இந்த ஜனங்கள் எல்லாம் இப்படித்தான் வாசித்துக்கொண்டிருந்தார்களா?

"தெரிஞ்சும் ஏம்மா ஒண்ணும் சொல்லல?" என்றார்.

"எப்புடிச் சொல்றது? எங்க வீட்டுக்காரருக்கு வேல போகாம எழுதிக் குடுத்தது நீங்க. இந்த லயத்துல நீங்க எழுதிக் குடுக்காத வீடு எது? எங்க யாரையும் நீங்க விட்டுக்குடுத்ததில்ல. அதனாலதான் நாங்களும் ஒங்க புள்ளய விட்டுக்குடுக்கல." அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "ஆனா என்னய விட்டுக்குடுத்துட்டீங்களே, தலைவரே."

அவள் சத்தமாகச் சொல்லவில்லை. சத்தமாகச் சொல்லியிருந்தால் அழகன் ஏதாவது விளக்கம் சொல்லியிருப்பார்.

"ஆமாம்மா" என்றார். அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததை நம்ப முடியாமல் கிருஷாந்தி திரும்பிப் பார்த்தாள். "தாளும் பேனாவும் கொண்டாந்திருக்கேன். இங்கயே எழுதிடுறேன். நீயே பாத்துக்க."

பலகையில் உட்கார்ந்து முழங்காலில் தாளை வைத்து எழுதினார். கொஞ்சமாகத்தான் எழுதினார். பஸ் நேரத்தை மாற்றக் கேட்டது என் மகள். அதை நான் மறைத்தேன். அதனால் ஜீவராணியின் கை முறிந்த காரணம் ஆபீசுக்குத் தெரியாமல் போனது. அவருக்குக் கையை மடக்கத் தேவையில்லாத வேலை கொடுக்க வேண்டும். கடைசியில் வழக்கமாக "தோட்டப் பொதுமக்கள் சார்பாக" என்று எழுதுகிற இடத்தில் பேனா தயங்கியது. பிறகு "அழகன்" என்று மட்டும் போட்டார்.

ஜீவராணி வாசித்துப் பார்த்துவிட்டு, "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றாள். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை, ஆட்களை வேலைக்குப் பிரிக்கிற பெரட்டு முடிந்ததும் கடிதம் ஆபீசுக்குப் போனது. துரை அதை இரண்டு தரம் மொழிபெயர்க்கச் சொன்னாராம், எதையோ விட்டுவிட்டாய் என்று கிளாக்கரைக் கடிந்துகொண்டாராம். தலைவரைக் கூப்பிட்டு நன்றாக ஏசினார். பழைய கடிதத்தை முகத்துக்கு நேரே ஆட்டிக் காட்டினார். அழகன் பேசாமல் நின்று வாங்கிக்கொண்டார். ஜீவராணியை நாற்று மேடைக்கு மாற்றினார்கள், முழுப் பேரோடு.

கிருஷாந்தி மிச்சத்தை எழுதினாள்: "இந்தக் கேள்வியை வாசிக்கும்வரை அதன் பிறகு நான் ஒன்றும் செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவரிடம் போய்ச் சொன்னேன். அவருக்கு முன்பே தெரிந்திருந்தது." சொல் எண்ணிக்கை சிவப்பாகவில்லை. அழகன் எதையும் சேர்க்கவில்லை, எதையும் எடுக்கவில்லை.

இடம் கிடைத்ததா என்று கேட்பீர்கள். கிடைத்தது. நேர்முகத்தில் அந்த நாலாவது பதிலைப் பற்றித்தான் அதிகம் கேட்டார்களாம்.

அவள் புறப்பட்ட காலையில் குளிரில் பல் கிட்டியது. ராசம்மா பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனாள். ஆறு மணி பஸ் பனிக்குள் உறுமிக்கொண்டு நின்றது. ஜீவராணியும் வந்திருந்தாள், இடுப்பில் கைப்பிள்ளை, காலடியில் தூக்கக் கலக்கத்தோடு மூத்தவன். காம்பரா திறக்கவில்லை, பிள்ளைகளை விட இடமில்லை.

"போயிட்டு வா தங்கச்சி. நீ கேட்ட பஸ்ஸுலயே போற" என்றாள். அதில் குத்தல் இருந்ததா, பாசம் இருந்ததா என்று கிருஷாந்திக்குப் பிடிபடவில்லை. இரண்டும் இருந்திருக்கும். அவள் அழுதுகொண்டே ஏறினாள்.

பஸ் வளைவில் மறைந்தது. ராசம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு லயத்துக்குத் திரும்பினாள். அழகன் மட்டும் போகவில்லை. பூட்டிக் கிடந்த பிள்ளைக் காம்பராவின் கதவைப் பார்த்தார், ஜீவராணியின் இடுப்பில் இருந்த பிள்ளையைப் பார்த்தார். எல்லாக் கேள்விக்கும் பதில் வைத்திருந்த மனிதருக்கு யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லை. எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் தொண்டையைச் செருமினார்.

"ஏம்மா, இந்தக் காம்பராவ எத்தன மணிக்குத் தொறந்தா ஒங்களுக்கெல்லாம் தோதா இருக்கும்?"

ஜீவராணி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிள்ளையை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டு சொல்லத் தொடங்கினாள். நிறையச் சொன்னாள். அழகன் குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டு நின்றார்.